பாஸ்போர்ட்டக் காட்டுங்க, கையெழுத்து அப்புறம் வரும்

ஓப்பன் சோர்ஸ் மாநாட்டுக்குப் போய்ட்டு வந்த தம்பி ஒருத்தர் கேட்டிருந்தாரு, "அண்ணா, ப்ரோகிராமருங்க எல்லாம் வரிசையா நின்னு ஒருத்தர் பாஸ்போர்ட்ட இன்னொருத்தர் வாங்கிப் பாத்து பேப்பர்ல டிக் அடிக்கிறாங்க, ஒருத்தரும் லேப்டாப்ப தொறக்கல, என்னதான் நடக்குது அங்க?"ன்னு. அதுக்குப் பேரு கீ சைனிங் பார்ட்டி, அதாவது இந்த டிஜிட்டல் சாவி (கீ) இவரோடதுதான்னு ஒருத்தருக்கொருத்தர் சாட்சிக் கையெழுத்துப் போட்டுக்கறது. பேருதான் பார்ட்டி, ஒரு சமோசாகூட கெடைக்காது.

ஆளுக்கு ரெண்டு கீ, ஊருக்கே குடுக்குறது பப்ளிக் கீ, ரகசியமா வச்சுக்கறது பிரைவேட் கீ: பிரைவேட் கீயால கையெழுத்துப் போட்டா பப்ளிக் கீய வச்சு யார் வேணா சரிபாக்கலாம். டெபியன்ங்கற லினக்ஸ் தொகுப்புல ஒரு பேக்கேஜ், அதாவது ஒரு சாஃப்ட்வேர், ஏத்தணும்னா டெவலப்பர் தன்னோட கீயால சைன் பண்ணித்தான் அனுப்பணும். சிக்கல் என்னன்னா, யார் வேணா யார் பேர்ல வேணா கீ உருவாக்கலாம், கீ உருவாக்குற ஜிபிஜி சாஃப்ட்வேர் ஒரு கேள்வி கேக்காது. 2016-ல லினக்ஸ உருவாக்குன லினஸ் டோர்வால்ட்ஸ் பேர்ல ஒரு போலி கீ, எல்லாரோட பப்ளிக் கீயும் கெடைக்கிற கீசர்வர்லயே கெடந்துச்சு, அதுவும் கீயோட அடையாள எண்ணுல (ஃபிங்கர்பிரிண்ட்) கடைசி 8 எழுத்து அவரோட அசல் கீல இருக்குற அதே எழுத்து! 8 எழுத்துன்னா வெறும் 32 பிட், ஒரு கிராஃபிக்ஸ் கார்டு இருந்தா கொஞ்ச நேரத்துல தேடிப் பிடிச்சிடலாம். அதனாலதான் முழு ஃபிங்கர்பிரிண்ட்டையும், அதாவது 40 எழுத்தையும் பாருங்கன்னு தலையால அடிச்சுக்கிறாங்க.

சரி, இந்தக் கீ இவரோடதுதான்னு யார் சொல்றது? வெப்சைட்டுங்களுக்கு சான்றிதழ் குடுக்க கம்பெனிங்க இருக்கு, இவங்களுக்கு அப்படி மேல ஒருத்தர் உக்காந்திருக்கறதே ஆகாது. 1991-ல பிஜிபிங்கற, தகவலப் பூட்டி அனுப்புற புரோகிராம எழுதுன ஃபில் சிம்மர்மேன் காட்டுன வழி, பொண்ணு குடுக்குற எடத்தப் பத்தி அந்த ஊர்ல நமக்குத் தெரிஞ்சவங்ககிட்ட விசாரிப்போம்ல, அதேதான். எனக்குத் தெரிஞ்சவர் உங்க கீல சைன் போட்டிருந்தா நான் உங்களப் பாக்காமலே அது உங்க கீதான்னு எடுத்துக்கலாம்.

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச எடத்துக்கு வரேன். 50 பேர் வராங்கன்னு வைங்க, ஆளுக்கு 40 எழுத்துன்னா மொத்தம் 2000 எழுத்து, ஒவ்வொண்ணா சத்தமா வாசிச்சா பாதிப் பேரு தூங்கிருவாங்க. அதனால பார்ட்டிய நடத்துறவர் எல்லாரோட ஃபிங்கர்பிரிண்ட்டையும் ஒரே டெக்ஸ்ட் ஃபைல்ல போட்டு முன்னாடியே அனுப்பிடுவாரு. நீங்க வீட்லயே அதப் பிரிண்ட் எடுத்து, உங்க வரி சரியான்னு மட்டும் பாத்துட்டு, அந்த ஃபைலோட எஸ்எச்ஏ256 ஹாஷையும் (ஃபைல் மொத்தத்தையும் கணக்குப் போட்டுக் கெடைக்கிற சின்ன அடையாள எண்) உங்க மெஷின்லயே போட்டு அந்தப் பேப்பர்ல எழுதிட்டு வரணும். ஹால்ல அவரு ஹாஷ வாசிப்பாரு, வெறும் 64 எழுத்து, எல்லாரும் தன் பேப்பரோட ஒத்துப் பாப்பாங்க. ஒத்துப்போச்சுன்னா எல்லார் கையிலயும் இருக்குறது ஒரே ஃபைல், ஏன்னா எனக்கு அனுப்புனதுல மட்டும் ஒரு எழுத்த மாத்தியிருந்தாக்கூட ஹாஷ் அடையாளமே தெரியாம மாறிப்போயிருக்கும். அப்புறம் ஒவ்வொருத்தரா "என் வரி சரி"ன்னு சொல்றாங்க. முடிஞ்சது! ஆளுக்கு ஒரு வரிதான் பாத்தாங்க, ஆனா 50 வரியும் 50 பேருக்கும் சரிபாத்தாச்சு, நடத்துறவர நம்பவேண்டிய அவசியமே இல்ல. அவரு திருடனா இருந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது பாருங்க, அதுதான் அழகு.

அதுக்கப்புறந்தான் தம்பி பாத்த வரிசை. வரிசை ரெண்டா மடங்கி எதிரெதிரே நகரும், எல்லாரும் எல்லாரையும் சந்திச்சு ஐடி பாத்துடலாம். சைன் பண்றது வீட்டுக்குப் போய்தான், அதுலயும் ஒரு குசும்பு. கேஃப்னு ஒரு புரோகிராம், உங்க கீல 3 மெயில் ஐடி இருந்தா 3-க்கும் தனித்தனியா சைன் போட்டு, உங்க பப்ளிக் கீயாலயே என்கிரிப்ட் பண்ணி, அதாவது பூட்டி, அந்தந்த ஐடிக்கே அனுப்பும். அந்த மெயிலும் உங்களுக்கு வரணும், பிரைவேட் கீயும் உங்ககிட்ட இருக்கணும், இல்லன்னா கையெழுத்து கெடைக்காது.

இதுல ஓட்டை ஐடி பாக்குற எடந்தான். 2006-ல மெக்சிகோல நடந்த டெப்கான்ஃப்ங்கற டெபியன் மாநாட்டுல ஒரு டெவலப்பர், இல்லாத ஒரு நாட்டோட ஐடி கார்டக் காட்டி சோதிச்சுப் பாத்தாரு, அதுக்கும் கையெழுத்து விழுந்துச்சு! வேற நாட்டு பாஸ்போர்ட்ல எது அசல் எது டூப்புன்னு எனக்கும் தெரியாது உங்களுக்கும் தெரியாது, பாதி சடங்குதான் அது. இன்னொண்ணு, சைன் இருக்குங்கறதால ஆளு நல்லவர்னு அர்த்தம் இல்ல. 2024-ல எக்ஸ்இசட்ங்கற, ஃபைல சுருக்குற லைப்ரரிக்குள்ள பின்கதவு (திருட்டு வழி) வச்ச ஆளு ரெண்டு வருஷத்துக்கு மேல பொறுமையா வேலை பாத்து, முறைப்படி சைன் பண்ணித்தான் ரிலீஸ் விட்டாரு.

ஆனாலும் இத விட முடியல. 2011-ல லினக்ஸோட மையக் கோடு இருக்குற கெர்னல் டாட் ஆர்க் சர்வருக்குள்ள ஆள் புகுந்த அப்புறம், லினக்ஸ்காரங்க அந்த வருஷமே பிராக்ல கூடி நேர்ல பாத்து கீ சரிபாத்துக்கிட்டாங்க. 2019-ல யாரோ வெஷமிங்க, வேற ரெண்டு பேரோட கீல லட்சத்துக்கும் மேல குப்பைக் கையெழுத்தக் கொட்டி, இறக்குனா ஜிபிஜியே தெணறுற மாதிரி ஆக்கிட்டாங்க. அதுக்கப்புறம் கீசர்வர்லேர்ந்து வர்ற மத்தவங்க கையெழுத்த ஜிபிஜி தானா எடுத்துக்கறதில்ல. ஆனாலும் டெபியன் புதுசா டெவலப்பரா வர்றவங்ககிட்ட பொதுவா ரெண்டு பழைய டெவலப்பருங்க கையெழுத்த இன்னும் கேக்குது.

எனக்கு எரிச்சல் வேற எடத்துல. இத்தனைக்கும் அடியில இருக்குற ஜிபிஜிய 1997-லேர்ந்து எழுதிட்டு வர்றவரு ஜெர்மனிக்காரர் வெர்னர் கோச். 2015-ல அவரு காசில்லாம கஷ்டப்படுறாருன்னு பத்திரிகைல வந்த பிறகுதான் ஃபேஸ்புக்கும், ஆன்லைன் பணப்பரிமாற்றக் கம்பெனி ஸ்ட்ரைப்பும் வருஷத்துக்கு ஆளுக்கு 50,000 டாலர் தரோம்னு வந்தாங்க. அதுவரைக்கும் ஒரு பெரிய கம்பெனிக்கும் இது தோணலையா?