பழைய வீட்டுக்குப் புது அறை: அத்திவாரம் வெட்டமுன் அம்மாவைக் கேளுங்கள்

யாழ்ப்பாணத்தில் கோப்பாய்ப் பக்கம், நடு முற்றத்தைச் சுற்றிக் கட்டிய ஒரு நாற்சார் வீடு. பிள்ளைகள் மூன்று பேரும் வெளிநாட்டில். தாய்க்கு முழங்கால் வருத்தம். இரவில் வளவின் பின்பக்க மலசலகூடத்துக்கு நடக்க ஏலாது. வீட்டோடு சேர்த்துக் குளியலறையுடன் ஒரு அறை எடுப்பது என்று முடிவாயிற்று. நல்லூர்க் கோயில் கொடியேற்றத்துக்கு முதல் வேலை முடிய வேண்டும் என்பது கனடாவிலிருந்து வந்த கட்டளை. நான் நூல் பிடித்துக்கொண்டு நிற்கையில், விறாந்தையில் இருந்த அம்மா கேட்டார்: “தம்பி, அதிலை எல்லே எங்கடை பங்கர் இருந்தது?”

போர்க்காலத்தில் வெட்டிய பதுங்குகுழியைத்தான் சொன்னார். தோண்டிப் பார்த்தோம். மேலே நன்றாக இறுகிய செம்மண். 4 அடிக்குக் கீழே அலவாங்கு ‘பொத்’தென்று உள்ளே போனது. உக்கிப்போன பனங்குற்றிகள், அவற்றுக்குக் கீழே வெறும் இடம். மேற்கூரையைப் பிரிக்காமலே மண்ணைத் தள்ளி மூடியிருக்கிறார்கள். அம்மா வாய் திறந்திராவிட்டால் அறையின் ஒரு மூலை அந்தப் பொந்தின் மேல்தான் இருந்திருக்கும்.

பழைய வளவுக்குள் கட்டுகிற எல்லோருக்கும் இதைத்தான் முதலில் சொல்கிறேன். கணினியில் வரைபடம் கீறமுன், அந்த வளவில் வளர்ந்தவர்களிடம் எங்கே என்ன இருந்தது என்று கேளுங்கள். பங்கர், மூடிய கக்கூசுக் குழி, தூர்த்த கிணறு எல்லாம் புல்லுக்குக் கீழே இருக்கும். கோப்பாய் இருக்கும் இந்த வலிகாமப் பகுதியில் இவை இல்லாவிட்டாலும் நிலம் ஒரு சீராக இராது. ஒரு மூலையில் அரையடியிலேயே சுண்ணாம்புப் பாறை தட்டும். பத்தடி தள்ளி 5 அடி தோண்டினாலும் செம்மண்தான். அத்திவாரத்தின் பாதி பாறையிலும் பாதி மண்ணிலும் நின்றால் சுவர் நடுவில் வெடிக்கும். நாலு மூலையிலும் கிடங்கு வெட்டிப் பார்க்க ஒரு நாள் கூலிதான் செலவு.

அடுத்தது, பழைய சுவரும் புதுச் சுவரும் சேரும் இடம். பழைய சுவர் ஒன்றரை அடித் தடிப்பு, வெள்ளைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். இறங்க வேண்டிய அளவு என்றைக்கோ இறங்கி முடிந்தது. புது அறை இனித்தான் இறங்கப்போகிறது. இரண்டையும் பல்லு வைத்து, கல்லை ஒன்றுக்குள் ஒன்று கோத்துப் பிணைத்தால் முதல் மாரியிலேயே மூட்டில் மேலிருந்து கீழாக ஒரு கோடு விழும். வீட்டுக்காரர் மேசனைத் திட்டுவார், மேசன் சீமெந்து பூசுவார், அடுத்த மாரிக்கு அதே கோடு. புது அறைக்குத் தனி அத்திவாரம், தனித் தூண் கொடுங்கள். இரண்டு சுவருக்கும் இடையில் ஒரு அங்குலம் விட்டு, அதை இளகி நெளியும் பசையால் அடைத்து மேலே ஒரு பட்டி அடித்தால் போதும். பழைய சுவரோடு ஒட்டி அத்திவாரக் கான் வெட்டும்போது ஒரேயடியாக நீளத்துக்கு வெட்டவேண்டாம். மூன்று நான்கு அடியாக வெட்டி, கட்டி, பிறகு அடுத்தது. “பழைய சுவருக்கு மேலேயே கொங்கிறீட் பிளாற் போட்டு ஒரு மாடி எடுக்கலாமோ?” என்று கேட்காத வீட்டுக்காரர் இல்லை. ஓட்டுக் கூரையைத் தாங்கக் கட்டிய சுவர் அது. மாடி வேண்டுமென்றால் தூண்கள் தனியாக நிலத்திலிருந்து வரவேண்டும்.

சீமெந்துப் பூச்சைப் பற்றி எத்தனை தரம் சொன்னாலும் யாரும் கேட்பதில்லை. சுண்ணாம்புச் சுவர் நிலத்தின் ஈரத்தை வாங்கும், வெயிலுக்கு விட்டுவிடும். அதன் மேல் சீமெந்தும் பளபளப்பான பெயின்றும் ஏறினால் ஈரம் வெளியே வர வழியில்லை. இன்னும் மேலே ஏறும். கூடவே உப்பும். பூசி இரண்டு வருடத்தில் இடுப்பு உயரத்தில் உப்புப் பூத்து, பெயின்ற் பொருக்கு விட்டு, தட்டினால் ‘டொக் டொக்’ என்று வெறும் சத்தம் கேட்கும். உள்ளே சாந்து மாவாகியிருக்கும். சுண்ணாம்பாலேயே திரும்பப் பூசுங்கள். காயக் காலம் எடுக்கும், அந்த வேலை தெரிந்த மேசன்மாரும் குறைவு. ஆனால் வேறு நல்ல வழி எனக்குத் தெரியாது.

சரி, குளியலறைக்கு வருவோம். அறையோடு குளியலறை வந்தால் மலசலக் குழியும் வீட்டுக்குக் கிட்ட வரும். கிணறு ஏற்கனவே கிட்டத்தான் இருக்கிறது. எங்கள் சுண்ணாம்புப் பாறை வெடிப்பும் பொந்துமானது. நிலாவரைக் கிணறும் கீரிமலை ஊற்றும் அதனால்தான் உண்டாயின. குழியில் விடுகிற தண்ணீர் வடிபடாமலே வெடிப்பு வழியே கிணற்றுக்குப் போய்விடும். “ஐயா, நான் கட்டின குழி இருபது வருசமாக நிரம்பேல்லை” என்று ஒரு மேசன் என்னிடம் பெருமையாகச் சொன்னார். அடி கொங்கிறீட் போடாத குழி எப்படி நிரம்பும்? வலிகாமத்தில் பல கிணறுகளில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் சொல்லும் லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியிருக்கிறது. தோட்டத்து உரமும் காரணம், குழிகளும் காரணம். கொதிக்கவைத்தால் நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடத்தான் செய்யும். பால்மா குடிக்கிற கைக்குழந்தைக்கு இது ஆபத்து. அடியும் சுவரும் கொங்கிறீட்டில், ஒழுகாத இரண்டறைத் தொட்டியாகக் கட்டுங்கள். தொட்டியிலிருந்து வரும் தண்ணீரை மண்ணுக்குள் விடுகிற உறிஞ்சு குழியை அயலவர் கிணற்றிலிருந்தும் தள்ளி வையுங்கள். 50 அடிக்குக் குறைந்தால் நான் வரைபடத்தில் கையெழுத்து வைப்பதில்லை. பாறை மேலாக இருந்தால் அதற்கும் கூடுதலாகக் கேட்பேன்.

கூரையைப் பிரித்து, மரத்துக்குப் பதில் பொக்ஸ்பார் என்கிற இரும்புப் பெட்டிக் குழாயும் ஓட்டுக்குப் பதில் சீற்றும் போடச் சொல்பவர்களிடம் கவனம். வைரம் பாய்ந்த பனை மரத்தைக் கறையான் இலேசில் தொடாது. உக்கினால் சுவருக்குள் புதைந்த முனைதான் முதலில் உக்கும். ஒரு திருப்புளியால் அந்த முனைகளைக் குத்திப் பாருங்கள். கெட்டவற்றை மட்டும் மாற்றினால் போதும். கடற்காற்றில் மெல்லிய பொக்ஸ்பார் எப்படித் துருப்பிடிக்கிறது என்று பருத்தித்துறை வீதி நெடுகப் பார்க்கலாம். பழைய ஓடும் புது பிளாற்றும் சேரும் இடத்துப் பீலி, அதாவது மழைத்தண்ணீர் ஓடும் வாய்க்கால்தான் மாரியில் ஒழுகும் இடம். அதை அகலமாக எடுங்கள், ஏணி வைத்து இலை குப்பை அள்ளக்கூடியதாக. நடு முற்றத்தைக் கண்ணாடிச் சீற்றால் மூடிவிட்டு, வீடு புழுங்குகிறது என்று ஏசி பூட்டுகிறவர்களுக்கு நான் என்ன சொல்ல? ஏசி பூட்டத்தான் போகிறீர்கள் என்றால் பழைய வயறிங்கை முதலில் முழுதாக மாற்றுங்கள்.

இன்னொன்று. காணி உறுதியில் யார் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். அப்பு காலத்து வீடென்றால் சகோதரங்கள் எல்லோருக்கும் பங்கிருக்கலாம். வெளிநாட்டில் இருப்பவர் தன் சார்பில் செயற்பட எழுதிக் கொடுக்கும் அற்றோணித் தத்துவம் இல்லாமல் பிரதேச சபைக்கு விண்ணப்பம் கொண்டுபோய் அலையவேண்டாம்.

கோப்பாய் வீட்டில் அறையை மற்றப் பக்கம், பாறை தட்டிய இடத்துக்கு மாற்றினோம். கொடியேற்றத்துக்கு முடியவில்லை. தேருக்கு இரண்டு நாள் முதல் அம்மா குடிபுகுந்தார், சுவருக்கு வெள்ளைகூட அடிக்காமல். பங்கர்க் கிடங்கைக் கிளறிக் குற்றிகளை எடுத்துவிட்டு மண்போட்டு இறுக்கினோம். இப்போது அதில் வாழை நிற்கிறது.