அம்மோனைட்டு: கொம்பிலிருந்து வந்த பெயர்

அம்மோனைட்டு, பழங்காலக் கடலில் வாழ்ந்து அழிந்துபோன ஒரு விலங்கு; அதன் ஓடு இன்று கல்லாகிய படிவமாகக் கிடைக்கிறது. அதைப் பார்த்ததும் நத்தை ஓடு கல்லாகிப்போனது என்றே பலரும் நினைக்கிறார்கள். பெயர் வைத்தவர்களுக்கோ அது ஆட்டுக்கிடாயின் கொம்பாகத் தெரிந்தது.

எகிப்தியக் கடவுள் அமுனுக்குக் கிடாய்க்கொம்பு உண்டு. கிரேக்கர்கள் அவரை அம்மோன் என்றார்கள். கி.பி. முதல் நூற்றாண்டில் உரோமானிய அறிஞர் பிளினி, 'அம்மோனின் கொம்பு' என்று ஒரு கல்லைக் குறிப்பிட்டார். கல், தாதுப் பெயர்களில் வரும் கிரேக்க விகுதி பின்னாளில் அதோடு சேர்ந்து அம்மோனைட்டு ஆயிற்று. நவச்சாரத்துக்கு லத்தீனில் 'அம்மோனின் உப்பு' என்று பெயர். அம்மோனியா என்ற சொல் அதன் வழி வந்தது. இரண்டும் ஒரே கடவுளின் பெயரைச் சுமக்கின்றன.

சரி, இது ஏன் நத்தை அல்ல? ஓர் அம்மோனைட்டை நடுவே அறுத்துப் பாருங்கள். நத்தை ஓட்டின் உள்ளே பொதுவாக ஒரே குழல்தான். இதிலோ தடுப்புச்சுவர்கள் எழுந்து, அறை அறையாகப் பிரிந்திருக்கும். கடைசிப் பெரிய அறையில்தான் விலங்கு குடியிருந்தது. வளர வளர முன்னே நகர்ந்து, பின்னால் ஒரு சுவர் எழுப்பிக்கொள்ளும். விட்டுவந்த அறைகளினூடே ஒரு மெல்லிய குழாய் ஓடும்; அதன் வழியே அறைநீரை வெளியேற்றி, காற்று நிரம்பவிட்டு மிதந்தது. மேல் ஓடு உதிர்ந்த படிவங்களில் இலைவிளிம்பு போல நெளிகோடுகள் தெரியும். அந்தச் சுவர்கள் ஓட்டைத் தொட்ட இடங்கள் அவை. எந்த இனம் என்று கண்டுபிடிக்க அந்த நெளிவு பெரிதும் உதவும்.

ஆக, இது தலைக்காலி, அதாவது தலையிலிருந்தே கைகள் கிளைக்கும் கடல் விலங்கு; கணவாயின் உறவு. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், டைனோசர்களை அழித்த பேரழிவை ஒட்டி மறைந்துபோனது.

இதற்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது? சாளக்கிராமம் என்று சொல்லலாமா? நேபாளத்துக் கண்டகி ஆற்றின் சாளக்கிராமங்கள் பலவற்றில் இருப்பது அம்மோனைட்டுதான். ஆனாலும் அது வழிபடும் கல்லின் பெயர், விலங்கின் பெயராகாது. நத்தை, சங்கு என்று சேர்த்துச் சொல்வது உறவையே மாற்றிவிடும்.

மீனவர் பேச்சில் ஊசிக்கணவாய், ஓட்டுக்கணவாய், பேய்க்கணவாய் எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. பேய்க்கணவாய் என்பது எட்டுக்கால் கொண்ட ஆக்டோபசு. அதற்கே கணவாய் என்ற பெயர் பொருந்தும்போது, இதைக் கொம்புக்கணவாய் என்று அழைக்கலாம் என்பது என் பரிந்துரை. கல்லைக் குறிக்கக் கொம்புக்கணவாய்ப் படிவம். 'சுருள்' என்பதை வேண்டுமென்றே விட்டேன். பாகுலைட்டு போலச் சுருளாமல் கோலாக நீண்டவையும் இந்தக் கூட்டத்தில் உண்டு. கொம்பு நேராகவும் இருக்கலாமே.