'தரைப்பிழை' என்ற சொல் நமக்கு வேண்டாம்

சமையலறை மின்பாதுகாப்பு பற்றித் தமிழில் வரும் குறிப்புகளில் 'தரைப்பிழைச் சுற்றுத் துண்டிப்பான்' என்ற தொடர் மீண்டும் மீண்டும் கண்ணில் படுகிறது. மின்சாரம் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டித்து ஆளைக் காக்கும் கருவியின் பெயர் அது. 'கிரவுண்ட் ஃபால்ட் சர்க்யூட் இன்டரப்டர்' என்று அமெரிக்கர் வழங்கும் பெயரைத் துண்டுதுண்டாகப் பெயர்த்து ஒட்டியதன் விளைவு இது. கேரள எல்லையோரம் உள்ள களியக்காவிளையிலோ மார்த்தாண்டத்திலோ ஒருவரிடம் 'தரைப்பிழை' என்றால், தரையில் ஓடு பதித்த கொத்தனார் மட்டம் தவறவிட்டார் என்றே அவர் எடுத்துக்கொள்வார்.

பெயரின் வரலாறு சிறியது. மண்ணோடு இணைப்பதை பிரிட்டனில் 'எர்த்' என்றும் அமெரிக்காவில் 'கிரவுண்ட்' என்றும் சொல்கின்றனர். நமக்கு வந்து சேர்ந்தது முன்னது. பாடநூல்களில் அது 'புவித்தொடுப்பு'. இந்தக் கருவியை 1961-இல் உருவாக்கியவர் அமெரிக்கப் பேராசிரியர் சார்லஸ் டால்ஸீல். அந்நாட்டு மின்விதித் தொகுப்பு 1987-இல் பாத்திரம் கழுவும் தொட்டியை ஒட்டிய பிளக் பாயிண்டுகளுக்கும், 1996-இல் சமையல் மேடைக்குரிய எல்லாப் பாயிண்டுகளுக்கும் இதைக் கட்டாயமாக்கியது.

கருவி செய்வது என்ன என்று பார்த்தால் பெயரின் குறை விளங்கும். போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமா என்பதை மட்டுமே அது ஒப்பிடுகிறது. ஈரம் புகுந்த கிரைண்டரை ஒரு கையாலும் குழாயை மறு கையாலும் தொடுபவரின் உடல் வழியே சிறிது மின்சாரம் வெளியேறினால் திரும்புவது குறைகிறது. உடனே கருவி இணைப்பைத் துண்டிக்கிறது. அமெரிக்கக் கருவிகள் ஏறத்தாழ 5 மில்லி ஆம்பியர் வேறுபாட்டிலும், நம் வீடுகளில் பொருத்தப்படுபவை பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியரிலும் இயங்குகின்றன. எர்த் கம்பியே இல்லாத பழைய பாயிண்டிலும் இது காக்கும். அப்படியிருக்க, பெயரின் தலையில் 'தரை'யை வைப்பது, எர்த் கம்பி இருந்தால்தான் இது பயன்படும் என்றோ, எர்த் கம்பி இருப்பதால் இது தேவையில்லை என்றோ படிப்பவரை நினைக்கச் செய்யும். 'பிழை' இன்னும் மோசம். கணக்கிலும் எழுத்திலும் நடத்தையிலும் நேர்வது பிழை. கருவிக்கு வருவது பழுது. இங்கே நிகழ்வதோ இரண்டும் இல்லாத கசிவு.

எல்லைக்கு அப்பால் மலையாளத்தில் இதைச் 'சோர்ச்ச' என்கின்றனர். 'கண்ணீர் சோர' என்று நாம் சொல்லும் அதே வேர்தான். ஆயினும் இன்றைய தமிழில் 'சோர்வு' என்றால் களைப்பு என்றே பொருள்படுவதால் அதை நாம் கடன் கேட்க முடியாது. 'ஒழுக்கு' ஓட்டுக் கூரைக்குப் பொருந்துமே தவிர, கண்ணுக்குத் தெரியாத சிறு அளவைச் சுட்டாது. அணையின் சுவரிலும் மண்பானையிலும் மெல்ல ஊறி வெளிவருவதைக் கசிவு என்கிறோம். அளவின் சிறுமையும் வழிதவறிச் செல்லுதலும் அந்தச் சொல்லிலேயே அடங்கியிருக்கின்றன. ஆகவே 'மின்கசிவுத் துண்டிப்பான்' என்பதே என் தேர்வு.

இதற்குத் தடையாக நிற்பவை நம் செய்தித்தாள்கள். எந்தக் கடை எரிந்தாலும் 'மின்கசிவே காரணம்' என்று எழுதிவிடுகின்றனர். அவர்கள் சொல்ல வருவது பெரும்பாலும் ஷார்ட் சர்க்யூட், அதாவது குறுஞ்சுற்று. அதில் பாய்வது மிகப் பெரிய மின்னோட்டம். அதை ஃபியூஸோ, மின்னோட்டம் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்சான எம்.சி.பி.யோ தடுக்கும். ஆளைக் கொல்லப் போதுமான கசிவை 16 ஆம்பியர் எம்.சி.பி. உணர்வதே இல்லை. இந்த இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால், எம்.சி.பி. இருக்கிறதே, அது போதும் என்று வீட்டுக்காரர் அமைதியடைந்துவிடுவார். உயிரோடு தொடர்புடைய இடத்தில் இத்தகைய மெத்தனத்தை நான் ஏற்க மாட்டேன்.

வயர்மேன்கள் இன்றும் இந்தக் கருவியை 'இ.எல்.சி.பி.' என்று பழைய வகையின் பெயராலேயே சொல்கின்றனர்; பொருத்துவது புதிய வகையான ஆர்.சி.சி.பி. ஆனாலும் பழைய பெயர் நிலைத்துவிட்டது. அவர்கள் வாயில் வரும் 'எர்த் அடிக்குது' என்பதும் நல்ல தமிழ் வழக்குதான். மொழிபெயர்ப்பாளர்கள் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அமெரிக்கர் 'அவுட்லெட்' என்னும் பிளக் பாயிண்டை 'வெளியீடு' என்று எழுதிப் புத்தக வெளியீட்டோடு குழப்பியிருக்க மாட்டார்கள். 'சமையலறை வெளியீடுகளுக்குத் தரைப்பிழைப் பாதுகாப்பு தேவை' என்ற வரியை இப்படி எழுதலாம்: 'சமையல் மேடையில் உள்ள பிளக் பாயிண்டுகளுக்கு மின்கசிவுத் துண்டிப்பான் பொருத்த வேண்டும்.'