மணல் தட்டில் பினாயில் ஊற்றாதீர்கள்

நேற்று இரவு கிளினிக்கைப் பூட்டப் போகும் நேரத்தில் ஒரு அட்டைப்பெட்டியில் வைத்துப் பூனை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். இரண்டு வயதுக் கடுவன், மஞ்சள் நிறம். வாயிலிருந்து எச்சில் கயிறு மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது. மேசையில் இறக்கிவிட்டால் பின்னங்கால்கள் தள்ளாடின. தூக்கும்போதே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அதன் பாதங்களில் பினாயில் வாடை. வாயைத் திறந்து பார்த்தேன். நாக்கின் நுனியும் ஓரமும் தோல் உரிந்து ரத்தச் சிவப்பாக இருந்தன, நடுவில் வெளுத்த புண். நான்கு பாதங்களின் அடி மெத்தைகளும் வெந்நீர் பட்டது போலச் சிவந்திருந்தன.

“மணல் தட்டு எதை வச்சுக் கழுவினீங்க?” என்று கேட்டேன். வீட்டுப் பூனை மலசலம் கழிக்க மணல் கொட்டி வைக்கும் தட்டைத்தான் சொல்கிறேன்.

“பினாயில்தான் டாக்டர். விடாம மழை, வீடு பூரா நாத்தம். ஊர்ல இருந்து மாமியார் வேற வந்திருக்காங்க. நல்லா கழுவிட்டு, அடியில கொஞ்சம் பினாயில் விட்டு அதுமேல மணல் கொட்டினேன்.”

இந்த மழைக்காலத்தில் என்னிடம் இப்படி வந்த நான்காவது பூனை இது. முன்பு வந்த மூன்றில் இரண்டு பிழைத்தன. ஒன்றை, அதுவும் மூன்று மாதக் குட்டி, காப்பாற்ற முடியவில்லை. அந்தப் பெண் மேசைக்குப் பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்தார். அவரை என்ன சொல்லித் திட்டுவது? சுத்தமாக வைத்துக்கொள்ளத்தான் அவர் பாடுபட்டிருக்கிறார். பினாயில் வாசம் வந்தால்தான் சுத்தம் என்று நம் எல்லோரையும் பழக்கி வைத்திருக்கிறார்களே, என் கோபமெல்லாம் அந்த நம்பிக்கையின் மேல்தான்.

எனவே அதை முதலில் பேசிவிடுகிறேன்.

பினாயில் வாசம் வருகிறது என்றால் பினாயில் இருக்கிறது என்றுதான் அர்த்தம். அழுக்கு போய்விட்டது என்று அர்த்தமில்லை. கறுப்புப் பினாயிலில் இருப்பது நிலக்கரித் தாரிலிருந்து எடுக்கும் கிரெசால் போன்ற ஃபீனால் வகைப் பொருட்கள். தண்ணீரில் விட்டதும் பால் போல வெளுக்கும் கிருமிநாசினிகள் பலவற்றில் இருக்கும் குளோரோசைலினாலும் ஃபீனால் குடும்பம்தான். நம் கல்லீரலும் நாயின் கல்லீரலும் இந்தப் பொருட்களை ஒரு சர்க்கரைக் கூறோடு சேர்த்துக் கட்டி, சிறுநீர் வழியே வெளியே தள்ளிவிடும். பூனையின் கல்லீரலுக்கு அந்த வேலை சரியாக வராது. அதற்கான முக்கியமான நொதியின் மரபணு பூனை இனத்தில் செயலிழந்து கிடக்கிறது. தலைமுறை தலைமுறையாக இறைச்சி மட்டுமே தின்று வாழ்ந்த பிராணிக்குத் தாவர நஞ்சுகளைச் சமாளிக்கும் தேவை இல்லாமல் போனதுதான் காரணம் என்கிறார்கள். பாராசிட்டமால் பூனைக்கு ஆகாததும் இதனால்தான். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று வளர்ந்த பூனையைக் கொல்லப் போதும். காய்ச்சல் என்று நினைத்துக் கால் மாத்திரை கொடுத்துவிட்டு வருபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அதைப் பற்றித் தனியாக ஒரு நாள் எழுதுகிறேன்.

“பூனை பினாயிலைக் குடிக்கவா போகுது?” என்று கேட்பவர்கள் உண்டு. குடிக்க வேண்டியதில்லை. தட்டுக்குள் இறங்கும், நான்கு பாதத்தாலும் மணலைக் கிளறும், வேலை முடிந்ததும் ஒரு மூலையில் உட்கார்ந்து விரல் விரலாக விரித்து நக்கும். தட்டில் ஊற்றிய எதுவானாலும் பத்து நிமிடத்தில் பூனையின் வயிற்றில் இருக்கும். பினாயில் போட்டுத் துடைத்த ஈரத் தரையில் நடந்தாலும் இதே கதைதான்.

சரி, பினாயில் வேண்டாம், ‘ஹெர்பல்’ என்று போட்டிருக்கிறதே, அது பரவாயில்லையா? பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். வெள்ளைப் பினாயிலில் பெரும்பாலும் பைன் எண்ணெய் இருக்கும். அதுவும் பூனைக்கு நஞ்சு. நீலகிரித் தைலம், டீ ட்ரீ எண்ணெய், கிராம்பு எண்ணெய் எல்லாம் இதே வரிசை. மின்சாரத்தில் செருகி மணம் பரப்பும் கருவிகளைப் பூனை இருக்கும் அறையில் வைக்காதீர்கள். காற்றில் பரவும் எண்ணெய்த் துளிகள் ரோமத்தில் படியும், ரோமத்தைப் பூனை நக்கும். தரை துடைக்கும் திரவங்கள் பலவற்றில் பென்சால்கோனியம் குளோரைடு இருக்கிறது. நாக்குப் புண்ணோடு வரும் பூனைகளில் அதனால் வருபவையும் உண்டு. பாட்டிலின் பின்பக்கத்தைப் படிக்கும் பழக்கத்தைத் தயவுசெய்து ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

போன வாரம் ஒருவர் மணல் தட்டின் நான்கு மூலையிலும் அந்துருண்டை போட்டு வைத்திருப்பதாகச் சொன்னார். அந்துருண்டையில் உள்ள நாஃப்தலீன் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். கற்பூரமும் கூடாது. பிளீச்சிங் பவுடர் இன்னொரு ஆபத்து. சிறுநீரில் இருக்கும் அம்மோனியாவும் பிளீச்சும் சேர்ந்தால் குளோரமின் வாயு வரும். மூடிய குளியலறையில் குனிந்து தட்டைத் தேய்த்துக்கொண்டிருக்கும் உங்கள் நுரையீரலைத்தான் அது முதலில் தாக்கும்.

இவ்வளவு மணங்களையும் ஊற்றி என்ன கண்டோம்? பூனையின் மூக்கு நம் மூக்கைவிடப் பல மடங்கு கூர்மை. தட்டில் நெடி அடித்தால் அது தட்டை விட்டுவிட்டுச் சோபாவுக்குப் பின்னாலோ துணிக் கூடைக்குள்ளோ போகும். அப்புறம் “பூனை பழிவாங்குது டாக்டர்” என்பார்கள். பூனைக்குப் பழிவாங்கத் தெரியாது. அந்த இடத்தில் அதனால் நிற்க முடியவில்லை, அவ்வளவுதான்.

அப்படியானால் நாற்றத்துக்கு என்ன வழி? மலத்தையும் சிறுநீர்க் கட்டிகளையும் அள்ளுவதுதான். காலையில் ஒருமுறை, இரவு படுக்கும் முன் ஒருமுறை. ஒரு தட்டுக்கு இரண்டு நிமிடம் ஆகும். நாற்றம் என்று என்னிடம் வருபவர்களில் பாதிப் பேரிடம் “கடைசியா எப்போ அள்ளினீங்க?” என்று கேட்டால், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை அள்ளும் வீட்டில் எந்த மணலும் நாறத்தான் செய்யும், கிலோ எத்தனை ரூபாய் கொடுத்து வாங்கியிருந்தாலும்.

மணலைப் பற்றியும் சொல்ல வேண்டும். கட்டட வேலைக்கு இறக்கிய மணலை அள்ளி வந்து போடுகிறவர்கள் நிறைய. செலவு மிச்சம்தான், ஆனால் அதில் சிறுநீர் கட்டியாகாது. நேராக அடிக்கு இறங்கித் தட்டில் தேங்கும். மேலே காய்ந்தது போலத் தெரியும், கிளறினால் கண் எரியும். தெருப் பூனைகளும் அதே மணல் குவியலில்தான் போயிருக்கும் என்பதால் புழு முட்டைகளும் கூடவே வீட்டுக்குள் வருகின்றன. பெண்டோனைட் களிமண்ணில் செய்த, நனைந்தால் உருண்டையாகக் கட்டிக்கொள்ளும் மணல்தான் நான் பரிந்துரைப்பது. குஜராத்தின் கட்ச் பகுதியிலேயே இந்தக் களிமண் ஏராளமாகக் கிடைக்கிறது, வெளிநாட்டுச் சரக்கு தேடி அலைய வேண்டாம். லாவெண்டர், எலுமிச்சை என்று மணம் சேர்த்தது வேண்டாம். கரி சேர்த்தது கிடைத்தால் நல்லது. இரண்டு முதல் மூன்று அங்குல ஆழம் இருக்கட்டும். மெல்லியதாகத் தூவினால் சிறுநீர் அடியில் போய் ஒட்டிக்கொள்ளும், அதைச் சுரண்டிச் சுரண்டித் தட்டில் கீறல் விழும், கீறலுக்குள் நாற்றம் குடியேறிவிடும். அதனால்தான் பிளாஸ்டிக் தட்டை வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறேன். உண்மையிலேயே காசில்லை, ஆற்று மணலோ செய்தித்தாளோதான் முடியும் என்றால் அதற்கும் வழி உண்டு: ஒரு நாள் விட்டு ஒரு நாள் மொத்தத்தையும் கொட்டிவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

தட்டின் அளவில்தான் பலரும் தவறுகிறார்கள். பூனையின் மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை அளந்தால் எவ்வளவோ, அதில் ஒன்றரை மடங்கு நீளம் வேண்டும். வளர்ந்த பூனைக்கு இரண்டடிக்கு மேல் வரும். கடையில் விற்கும் அழகான சின்னத் தட்டுகள் குட்டிக்குத்தான் காணும். துணி ஊறவைக்கும் அகலமான டப் வாங்கி, ஒரு பக்கத்தை மட்டும் ஏறி இறங்க வசதியாகத் தாழ்வாக வெட்டி, வெட்டிய விளிம்பைத் தேய்த்து மழுக்கிவிட்டால் போதும். மூடி போட்ட தட்டு வாங்கியவர்கள், மூடியை முதலில் கழற்றிவிடுங்கள். நாற்றம் உங்களுக்குத் தெரியாமல் உள்ளேயே சூழ்ந்துகொள்கிறது. அதற்குள் தலையை நுழைப்பது பூனைதானே.

ஒரு பூனைக்கு இரண்டு தட்டு, இரண்டு பூனைக்கு மூன்று. சின்ன ஃபிளாட்டில் இது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். முடியாவிட்டால் அள்ளும் முறையைக் கூட்டுங்கள். குளியலறைக்குள் வைத்தால் ஈரத்தில் மணல் சீக்கிரம் கெட்டுப்போகும். வாஷிங் மெஷின் பக்கத்தில் வைத்தால், ஒருநாள் அது அதிர்ந்து சுற்றும்போது பூனை பயந்து ஓடும், பிறகு அந்தப் பக்கமே வராது. சாப்பாட்டுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது. காற்றோட்டமான, சாரல் அடிக்காத ஒரு மூலை போதும்.

கழுவும் முறை எளிது. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, மழைக்காலத்தில் இன்னும் சீக்கிரமாக, மணல் முழுவதையும் கொட்டிவிட்டு வெந்நீரும் பாத்திரம் துலக்கும் சாதாரண சோப்புத் திரவமும் விட்டுத் தேய்த்து, நன்றாக அலசி, வெயிலில் காயப்போடுங்கள். வெயில் இல்லாத நாட்களுக்காக ஒரே அளவில் இரண்டு டப் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடலாம். ஈரத் தட்டில் மணல் கொட்டினால் அன்றைக்கே நாற்றம் தொடங்கிவிடும். அள்ளிய கட்டிகளைக் கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றாதீர்கள். பெண்டோனைட் குழாய்க்குள் ஊதி அடைத்துக்கொள்ளும். காலிப் பெயிண்ட் வாளி ஒன்றை மூடியோடு தட்டுக்குப் பக்கத்தில் வைத்து அதில் போட்டு வையுங்கள், தினமும் குப்பை வண்டியில் கொடுத்துவிடலாம்.

தட்டுக்கு வெளியே போய்விட்டால் முதலில் தேய்க்காமல் துணியால் ஒற்றி எடுங்கள். பிறகு விலங்குச் சிறுநீருக்கென்றே விற்கும் நொதித் திரவத்தை ஊற்றி, சீட்டில் சொன்ன நேரம் வரை ஊறவிடுங்கள். பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த வெள்ளை வினிகர் ஓரளவு உதவும், ஆனால் மார்பிள் தரையில் வேண்டாம், பளபளப்பு போய்விடும். அம்மோனியா கலந்த தரைத் திரவம் போட்டால் அதே இடத்துக்குப் பூனையை மறுபடி அழைப்பது போல ஆகிவிடும்.

கருத்தடை செய்யாத கடுவன் வீட்டில் இருந்தால் மேலே சொன்ன எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தாலும் வீடு நாறும். அந்தச் சிறுநீரின் காரமே தனி. சுவரிலும் திரைச்சீலையிலும் வாலைத் தூக்கிப் பீய்ச்சுவதும் அதுதான். ஐந்தாறு மாதத்தில் கருத்தடை செய்துவிடுங்கள். பெரும்பாலான கடுவன்களிடம் இந்தப் பழக்கம் நின்றுவிடுகிறது. பாவம் என்று தள்ளிப்போட்டு, கடைசியில் நாற்றம் தாங்காமல் தெருவில் விட்டுவிட்டு வருகிறார்கள். எனக்கு அதைவிட வேதனை எதுவும் இல்லை.

கர்ப்பிணி இருக்கும் வீட்டில் பூனையை வெளியேற்றச் சொல்லும் உறவினர்களுக்கும் ஒரு வார்த்தை. அவர்கள் பயப்படுவது கருவைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணிக்கு. அதன் முட்டைகள் பூனையின் மலத்தோடு வெளியே வந்த பிறகு தொற்றும் நிலையை அடைய ஒரு நாளாவது ஆகும். தினமும் வேறு யாராவது கையுறை போட்டு அள்ளிவிட்டால் போதும். பச்சை இறைச்சியிலும் கழுவாத கீரையிலும்கூட அந்தத் தொற்று வரும்.

நாற்றம் திடீரென்று மாறினால் தட்டைக் குறை சொல்லாமல் பூனையைக் கொண்டுவாருங்கள். கட்டிகள் வழக்கத்தைவிடப் பெரிதாகிக்கொண்டே போனால் சர்க்கரை நோயோ சிறுநீரகக் கோளாறோ இருக்கலாம். மலம் தளர்ந்து அழுகல் வாடை அடித்தால் குடல் தொற்றா, புழுவா, உணவு மாற்றமா என்று பார்க்க வேண்டும். கடுவன் பூனை தட்டில் திரும்பத் திரும்ப உட்கார்ந்து முக்கி, சொட்டு சொட்டாக மட்டும் போனாலோ எதுவுமே வராவிட்டாலோ விடியும் வரை காத்திருக்க வேண்டாம். மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்து இரண்டு நாள் பார்த்துவிட்டுக் கொண்டுவருகிறார்கள். சிறுநீர்ப் பாதை அடைத்த பூனைக்கு அந்த இரண்டு நாள் கிடையாது. தினமும் அள்ளுகிற வீட்டில்தான் இதெல்லாம் அன்றைக்கே கண்ணில் படும்.

இனி, பினாயில் ஏற்கெனவே பாதத்தில் பட்டுவிட்டது என்றால். உடனே வெதுவெதுப்பான தண்ணீரும் பாத்திர சோப்பும் விட்டு நான்கு கால்களையும், வயிற்றையும், வால் அடியையும் கழுவுங்கள். துண்டால் சுற்றிச் சூடாக வைத்து, நக்க விடாமல் தூக்கிக்கொள்ளுங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வெந்த தொண்டை மறுபடி வேகும். பால் புகட்டாதீர்கள், வீட்டில் இருக்கும் எந்த மாத்திரையும் கொடுக்காதீர்கள். எச்சில் ஒழுகவில்லையே, நன்றாகத்தானே இருக்கிறது என்று வீட்டிலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கவும் வேண்டாம். பினாயில் பாட்டிலைக் கையோடு எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தால் எனக்கு ஊகிப்பதில் போகும் நேரம் மிச்சமாகும். நேற்று அந்தப் பெண் பாட்டிலோடுதான் வந்தார். மஞ்சள் கடுவனுக்கு இன்னும் சலைன் ஏறிக்கொண்டிருக்கிறது, இன்று மதியம் ஊசிக்குழாயில் கொடுத்த கஞ்சியை மூன்று வாய் விழுங்கியது.