வேப்பமுத்துக்கும் மீன் பேனுக்கும் என்ன பகை?

அம்பாசமுத்திரம் பக்கம் சித்தப்பா பத்து சென்டில் குட்டை வெட்டி கட்லா, ரோகு விட்டிருக்கிறார். போன சித்திரையில் கால்வாய்த் தண்ணீர் நின்று குட்டை வற்றிக்கிடந்த நேரம், மீனெல்லாம் கரைக் கல்லில் உடம்பை உரசிக்கொண்டே திரிந்தன. வலை போட்டு ஒரு ரோகுவைத் தூக்கினால், துடுப்புக்கு அடியில் உளுந்தம்பருப்பை நசுக்கி ஒட்டினமாதிரி, கண்ணாடிபோல ஒன்று. நகத்தால் நெண்டினேன், விறுவிறுவென்று நகர்ந்து ஓடியது.

"மீன் பேன்லே. வேப்பமுத்த இடிச்சு ஊத்திருவமா?" என்றார்.

கேட்டது சரியான கேள்விதான். பேர்தான் பேன், உண்மையில் இது இறால், நண்டு சாதி, ஆர்குலஸ் என்பார்கள். இரண்டு உறிஞ்சிகளால் ஒட்டிக்கொண்டு ஊசிமாதிரி உறுப்பால் குத்தி இரத்தம் குடிக்கும், அந்தப் புண்ணில் அப்புறம் பூஞ்சை குடியேறும். நண்டு சாதி என்றால் வளர வளரச் சட்டை உரித்தாக வேண்டுமே, வேம்பு கைவைப்பது அங்கேதான். வேப்பமுத்தில் அசாடிராக்டின் என்ற பொருள் இருக்கிறது (1968-ல் பிரித்தெடுத்தார்கள்), அது தோலுரிப்பை நடத்தும் ஹார்மோனைக் குழப்பிவிடும். பழைய சட்டை கழலாமல் அதற்குள்ளேயே மாட்டிச் சாகும். மீன் சட்டை உரிப்பதில்லை, அதனால் அந்த வழியில் மீனுக்கு அடி விழாது.

ஆனால் ஊற்றிய மறுநாளே பேன் செத்து மிதக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், இது பூச்சிமருந்து மாதிரி இல்லை. வெயில் பட்டால் அசாடிராக்டின் சிதைந்துபோகும், நம்ம ஊர் வெயிலைச் சொல்லவே வேண்டாம், பொழுதடைந்த பிறகு ஊற்றுவதுதான் சரி. முட்டைதான் பெரிய தலைவலி. பெண் பேன் மீனை விட்டு இறங்கி கல், கம்பு மேல் வரிசை வரிசையாக ஒட்டிவிட்டுப் போகும், ஓட்டுக்குள் மருந்து லேசில் போகாது, இரண்டு மூன்று வாரத்தில் புதுப் பட்டாளம் வந்துவிடும். அதனால் குட்டையில் நாலைந்து மூங்கில் கம்பை ஊன்றி, வாரம் ஒருமுறை பிடுங்கி வெயிலில் காயப்போட்டு, திரும்ப ஊன்ற வேண்டும். என்னைக் கேட்டால் வேம்பைவிட இந்தக் கம்புதான் பாதி வேலையைப் பார்க்கிறது.

மார்கழிக் குளிரில் வருகிற வெண்புள்ளி நோய் வேறு கதை. அதை உண்டாக்கும் ஒட்டுண்ணி மீனின் தோலுக்கு அடியில் பதுங்கியிருக்கும்வரை தண்ணீரில் எதை ஊற்றினாலும் வீண், உதிர்ந்து குஞ்சு பொரித்து நீந்தும்போதுதான் மாட்டும். பூண்டு அங்கே ஓரளவு உதவலாம், ஆனால் கிருமியைத் தாக்கும் அல்லிசின் என்ற பொருள் முழுப் பல்லில் கிடையாது, நசுக்கினால்தான் உண்டாகும். நசுக்கிப் பத்து நிமிடம் விட்டுத் தீவனத்தில் பிசையுங்கள், வேகவைத்தால் போச்சு.

அளவு விஷயத்தில்தான் பயம். பத்து சென்ட், ஒரு மீட்டர் ஆழம் என்றால் சுமார் நாலு லட்சம் லிட்டர் தண்ணீர். கத்தரிக்கு அடிக்கிற ஐந்து சதவீத வேப்பங்கொட்டைக் கரைசல் கணக்கு இதற்கு ஆகாது, அதிகமானால் மீனின் செவுள் கெடும், ஆக்சிஜனும் இறங்கும். 'மூலிகைதானே' என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், இலுப்பைப் புண்ணாக்கும் மூலிகைதான். இதே குட்டைக்கு நூறு கிலோ போட்டால் அதிலுள்ள சப்போனின் என்ற நுரைக்கும் பொருள் மீனின் இரத்தச் சிவப்பணுவை உடைத்துவிடும். வேண்டாத மீனைக் கொன்று குளத்தைச் சுத்தம் பண்ண அதைத்தான் போடுகிறார்கள்.

சித்தப்பா முதலில் ஒரு தொட்டியில் நாலு மீனை விட்டு, கரைசலைக் கொஞ்சமாகக் கலந்து ஒரு நாள் பார்த்தார். மீன் வாயைப் பிளக்காமல் தீவனம் எடுத்தது. அன்றைக்குச் சாயங்காலம்தான் குட்டைக்குப் போனது வாளி.