பத்து வரை சொல்லும் குழந்தைக்கு மூன்று தெரியுமா?

மூன்று வயதுக் குழந்தையின் முன்னால் ஐந்து பொத்தான்களை வரிசையாக வைத்து, "எண்ணு பார்க்கலாம்" என்று சொல்லுங்கள். ஒவ்வொன்றாகத் தொட்டு, "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு" என்று பிசகில்லாமல் எண்ணும். உடனே, "சரி, மொத்தம் எத்தனை இருக்கு?" என்று கேளுங்கள். "அஞ்சு" என்ற பதில் பெரும்பாலும் வராது. குழந்தை மறுபடியும் முதல் பொத்தானைத் தொட்டு "ஒண்ணு, ரெண்டு..." என்று தொடங்கிவிடும். இன்னொரு முறை கேட்டால் இன்னொரு முறை எண்ணும்.

கவனம் இல்லாததால் இப்படிச் செய்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. அது நன்றாகவே கவனிக்கிறது. 'எத்தனை?' என்று கேட்டால் தொட்டுத் தொட்டு எண்ணிக் காட்ட வேண்டும் என்பது அதற்குப் புரிந்திருக்கிறது. கடைசியில் சொன்ன 'அஞ்சு', மேசையில் இருக்கும் அத்தனை பொத்தான்களையும் சேர்த்துக் குறிக்கும் சொல் என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை.

எண்ணுவது பெரியவர்களுக்கு ஒரே செயலாகத் தெரியும். அதற்குள் பல விதிகள் இருப்பதை ரோஷல் கெல்மன், சி. ஆர். காலிஸ்டல் என்ற இரு உளவியலாளர்கள் 1978-இல் விளக்கினார்கள். ஒரு பொருளுக்கு ஒரு சொல்தான். எதையும் விடக் கூடாது, எதையும் இருமுறை தொடக் கூடாது. சொற்களின் வரிசை எப்போதும் மாறாமல் இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்ன சொல்தான் மொத்த எண்ணிக்கை. இவற்றோடு, எந்தப் பொருளையும் எண்ணலாம், எந்த முனையிலிருந்தும் எண்ணலாம் என்பதும் சேரும். சில சிறு குழந்தைகள் 'ஒண்ணு, ரெண்டு, ஆறு' என்று தமக்கென ஒரு வரிசை வைத்திருப்பார்கள். ஒவ்வொரு முறையும் அதே தவறான வரிசையைத்தான் சொல்வார்கள். சொற்கள் பிழைதான். ஆனால் வரிசை மாறக் கூடாது என்ற விதி அங்கே ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கிறது. திருத்துவதற்கு முன்பு அதைப் பாராட்டத்தான் எனக்குத் தோன்றும்.

கடைசிச் சொல்தான் மொத்தம் என்ற மூன்றாவது விதிதான் கடினமானது. அது எவ்வளவு மெதுவாக வருகிறது என்பதை உளவியலாளர் கேரன் வின் 1990-களின் தொடக்கத்தில் மிக எளிய சோதனை ஒன்றில் காட்டினார். ஒரு குவியல் பொம்மைகளை வைத்து, "ஒண்ணு குடு", "ரெண்டு குடு", "மூணு குடு" என்று கேட்பதுதான் சோதனை. இரண்டரை வயதை ஒட்டிய பல குழந்தைகள் 'ஒண்ணு' என்றால் சரியாக ஒன்றை எடுத்துக் கொடுக்கும். 'ரெண்டு', 'மூணு', 'அஞ்சு' எதைக் கேட்டாலும் கைக்கு வந்ததை அள்ளிக் கொடுக்கும். அதே குழந்தை பத்து வரை தடங்கலின்றிச் சொல்லக்கூடியதாகவும் இருக்கலாம். சில மாதங்கள் கழித்து 'ரெண்டு' விளங்கும். இன்னும் சில மாதங்களில் 'மூணு'. அதற்கு மேல் நாலு, ஐந்து, ஆறு என்று தனித்தனியாகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஏறக்குறைய மூன்றரை, நான்கு வயதில் குழந்தைக்கு விதியே பிடிபட்டுவிடும்; எண்ணத் தெரிந்த அளவுக்கு எத்தனை கேட்டாலும் எண்ணி எடுத்துக் கொடுக்கும்.

மூன்று வரை படிப்படியாக வந்துவிட்டு, பிறகு ஏன் இந்தத் தாவல்? ஒன்று, இரண்டு, மூன்று பொருள்களை நாம் எண்ணுவதே இல்லை, பார்த்தவுடன் தெரிந்துகொள்கிறோம். பெரியவர்களுக்கும் இந்தத் திறமை நாலோடு நின்றுவிடுகிறது. ஆகவே சிறிய எண்களுக்குப் பொருள் கண் வழியாகவே கிடைத்துவிடும். ஐந்துக்கும் ஏழுக்கும் உள்ள வேறுபாட்டைக் கண் துல்லியமாகச் சொல்லாது; எண்ணித்தான் ஆக வேண்டும். கண்ணால் பார்த்த மூன்றும், எண்ணி முடித்த 'மூணு'வும் ஒன்றே என்று குழந்தை பலமுறை உணர்ந்த பிறகுதான், எண்ணி முடித்த 'ஏழு'வையும் அது நம்பத் தொடங்குகிறது என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

வீட்டில் நாம் பேசும் விதத்தை இந்த இடத்தில்தான் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம். வெறுமனே எண்ணிக் காட்டி நிறுத்திவிடாமல், "இங்க நாலு கட்டை இருக்கு. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. நாலு கட்டை" என்று எண்ணிக்கையையும் எண்ணுவதையும் ஒன்றுக்கொன்று அருகில் வைத்துச் சொன்னால் தொடர்பு தெளிவாகும். கண்ணெதிரே இருக்கும் பொருள்களைப் பற்றிப் பேசுவது முக்கியம். அதிலும் நாலு முதல் பத்து வரையிலான தொகுதிகளைப் பற்றிப் பெற்றோர் அதிகம் பேசிய வீடுகளின் குழந்தைகள் பின்னர் எண்ணிக்கையை நன்றாகப் புரிந்துகொண்டதை எலிசபெத் கண்டர்சன், சூசன் லெவைன் இருவரும் 2011-இல் பதிவு செய்தார்கள். குழந்தை விரலால் தொட்டு எண்ணுவதைத் தயவுசெய்து தடுக்காதீர்கள். எதை எண்ணியாயிற்று, எது பாக்கி என்று கணக்கு வைத்திருப்பது அந்த விரல்தான்.

வரிசை இன்னொரு கதை. தொடக்கத்தில் எண் வரிசை குழந்தைக்குப் பாட்டு மாதிரி. நடுவில் வெட்ட முடியாது. "ஆறுக்கு அப்புறம் என்ன?" என்று கேட்டால், ஒன்றிலிருந்து ஓடிவந்து ஆறைத் தாண்டித்தான் ஏழைப் பிடிக்கும். எண்ணக் கற்பதை ஆராய்ந்த கேரன் ஃபியூசன் இதை உடைக்க முடியாத சங்கிலி என்று பார்த்தார். நாளடைவில் எந்தக் கண்ணியிலிருந்தும் தொடங்க முடிகிறது. பின்னோக்கிச் சொல்வது மிகவும் பிந்தித்தான் வரும். அதனால் "ஏழுக்கு முன்னாடி என்ன?" என்ற கேள்வியை அவசரப்பட்டுக் கேட்டு, குழந்தை விழிப்பதைப் பார்த்து வருந்த வேண்டாம்.

பத்தைத் தாண்டினால் மொழியும் கை கொடுக்கும், சில இடங்களில் காலையும் வாரும். சீனத்தில் பதினொன்று என்பது 'பத்து ஒன்று'தான். ஆங்கிலத்தில் பதினொன்று, பன்னிரண்டுக்கான சொற்களில் பத்து கண்ணுக்குத் தெரிவதில்லை. பத்து வரை இரு மொழிக் குழந்தைகளும் ஏறக்குறைய ஒன்றுபோலவே எண்ணுவதையும், அதற்கு மேல் ஆங்கிலக் குழந்தைகள் பின்தங்குவதையும் கெவின் மில்லர் குழுவினர் 1995-இல் காட்டினார்கள். தமிழில் 'பதினொன்று' என்று சொல்லும்போதே பத்தும் ஒன்றும் காதில் விழுகின்றன. ஆனால் ஒன்பது நம்மைச் சோதிக்கும். இருபது, அறுபது, எண்பது போலவே அதுவும் 'பது' என்று முடிகிறது. தொண்ணூறில் நூறும், தொள்ளாயிரத்தில் ஆயிரமும் ஒலிக்கின்றன. எண்பத்தொன்பதுக்குப் பிறகு ஒரு குழந்தை தயங்கி நின்றால் நியாயம் அதன் பக்கம்தான். 'இருபத்தொன்பது, இருபத்துப்பத்து' என்று சொல்லும் குழந்தையும் விதியைக் கண்டுபிடித்திருக்கிறது. அந்த விதி எங்கே முடிகிறது என்பதுதான் பாக்கி.

வரிசையில் அடுத்து வருவது, அளவிலும் சரியாக ஒன்று கூடியது. இந்த இணைப்பும் தானாக வருவதில்லை. கேட்ட எண்ணிக்கையில் பொம்மைகளைச் சரியாக எண்ணிக் கொடுக்கும் குழந்தைகளிடம்கூட, "பெட்டிக்குள் ஐந்து இருக்கு, இன்னொன்றைப் போடுறேன். இப்போ ஆறா, ஏழா?" என்று கேட்டால் பலர் குத்துமதிப்பாகத்தான் சொல்கிறார்கள்.

இதற்குக் கட்டம் போட்ட விளையாட்டு உதவுகிறது. ராபர்ட் சீக்லரும் கீதா ரமணியும் 2008-இல், ஒன்று முதல் பத்து வரை நேர்வரிசையில் எண்கள் எழுதிய பலகையில் ஏழைக் குடும்பங்களின் குழந்தைகளை விளையாட வைத்தார்கள். இரண்டு வாரங்களில் மொத்தம் ஒரு மணி நேர விளையாட்டிலேயே முன்னேற்றம் தெரிந்தது. எண்களுக்குப் பதில் வண்ணங்கள் இருந்த பலகையில் அது தெரியவில்லை. நீங்களே ஒரு அட்டையில் கட்டம் போட்டுக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள். காய் ஐந்தில் இருந்து, இரண்டு கட்டம் நகர வேண்டுமென்றால், குழந்தை "ஒண்ணு, ரெண்டு" என்று சொல்லி நகர்த்தும். அப்படி அல்லாமல், கட்டத்தில் எழுதியிருப்பதையே "ஆறு, ஏழு" என்று படித்து நகர்த்தச் சொல்லுங்கள். காய் ஒரு கட்டம் தள்ளிப்போகும் அதே நொடியில் அடுத்த எண்ணின் பெயரும் அதன் வாயில் வரும்.