அடிப்படை உரிமைக்கும் தவணை உண்டு

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கமிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். கையில் புடவைக்கடைப் பை. அதற்குள் மகனின் அடையாள அட்டைப் பிரதி, ஆஸ்பத்திரி டிக்கட், வீட்டுச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு வந்த ஒரு கலண்டர். மகனைப் பொலிசார் ஏற்றிக்கொண்டு போன திகதிக்குக் கறுப்பு வட்டம், விட்ட திகதிக்குச் சிவப்பு வட்டம். இடையில் இரண்டு இரவு. நீதவான் முன்னால் கொண்டுபோகவில்லை, வழக்கும் போடவில்லை. அடித்துவிட்டு "போ" என்று விட்டிருக்கிறார்கள். இடது காது இப்போது சரியாகக் கேட்பதில்லை.

சிவப்பு வட்டத்திலிருந்து விரல் வைத்து எண்ணினேன். 41.

"ஏனம்மா இவ்வளவு நாளும் வரல்ல?"

"பொலிஸ் பெரியவர் விசாரிக்கிறன் எண்டு சொன்னவர் தம்பி. கோயில் தலைவரும் போய்க் கதைச்சவர். மறுகா வேளாண்ம வெட்டு வந்திட்டு. காது கேக்காட்டி என்ன, உயிரோட வந்திட்டான்தானே எண்டு இருந்திட்டம்."

மட்டக்களப்பு நீதிமன்ற வளவில் இந்தக் கதையை எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். ஆள் மாறும், ஊர் மாறும். வாகரையாக இருக்கும், திருக்கோவிலாக இருக்கும். "விசாரிக்கிறன்" என்ற சொல் மட்டும் மாறுவதில்லை. அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை, அடிப்படை உரிமை மீறப்பட்டால் ஒரு மாதத்துக்குள் நாட்டின் உச்ச மன்றமான உயர் நீதிமன்றத்துக்குப் போகவேண்டும் என்கிறது. அந்த ஒரு மாதத்தைத் தின்று முடிக்கிறது இந்தச் சொல்தான்.

அடிப்படை உரிமை வழக்கு என்றால் என்ன என்பதிலேயே எங்கள் சனத்துக்குக் குழப்பம் இருக்கிறது. வேலியை ஒரு முழம் தள்ளிப் போட்ட பக்கத்து வீட்டுக்காரன்மேல் அடிப்படை உரிமை வழக்குப் போடலாமா என்று கேட்டு வருகிறார்கள். சீட்டுக்காசு தராத மச்சாள்மேலும் கேட்டிருக்கிறார்கள். முடியாது. இந்த வழக்கு அரசின் நிறைவேற்று, நிர்வாகச் செயலுக்கு எதிரானது. பொலிஸ், இராணுவம், பிரதேச செயலகம், திணைக்களம், அரச பாடசாலை என்று அரசின் கை எங்கே நீள்கிறதோ அங்கேதான் இது வேலை செய்யும். வேலிக்கு மாவட்ட நீதிமன்றம் இருக்கிறது.

அரசனையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் எண்ணம் நமக்குப் புதிதல்ல. வைகாசியில் எங்கள் கண்ணகை அம்மன் கோயில்களில் கண்ணகி கதையான வழக்குரை படிப்பார்கள், அம்மனைக் குளிரவைக்கும் குளிர்த்தி பாடுவார்கள். அந்தக் கதையை ஒரு சட்டத்தரணியாகக் கேட்டுப் பாருங்கள். பொற்கொல்லன் சொன்னான், பாண்டியன் நம்பினான், கோவலன் வெட்டுப்பட்டான். விளக்கம் கேட்கவுமில்லை, சான்று பார்க்கவுமில்லை. பிறகு கண்ணகி சபைக்கு வந்து சிலம்பை உடைக்கிறாள். ராணியின் சிலம்புக்குள் முத்து, இதற்குள் மாணிக்கம். எங்கள் அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரையில் நான்காவது பந்தி சொல்வதும் இதைத்தான்: தகுதிவாய்ந்த நீதிமன்றத்தின் கட்டளை இல்லாமல் எவருக்கும் மரண தண்டனையோ சிறைத் தண்டனையோ கொடுக்க முடியாது. கண்ணகிக்குத் தீர்ப்புக் கிடைத்தது, புருஷன் கிடைக்கவில்லை. எங்கள் வழக்குகள் பலவும் அப்படித்தான் முடிகின்றன.

எழுத்திலான உரிமைக்கு எல்லாரும் காட்டும் ஆதி ஆவணம் 1215இல் இங்கிலாந்துப் பிரபுக்கள் ஜோன் மன்னனிடம் வாங்கிய மக்னா கார்ட்டா. நாட்டின் சட்டப்படி அல்லாமல் சுதந்திர மனிதன் ஒருவனைப் பிடிக்கவோ அடைக்கவோ கூடாது என்று அதில் ஒரு வாசகம் இருந்தது. அதற்குப் பிறகு ஆட்கொணர்வுச் சட்டம் 1679இல், பிரெஞ்சுப் பிரகடனம் 1789இல், அமெரிக்க உரிமைகள் சாசனம் 1791இல், ஐக்கிய நாடுகளின் உலகப் பிரகடனம் 1948இல் வந்தன. பாடசாலைப் பிள்ளைகளுக்கு இந்த வரிசை மனப்பாடம். நம் தீவில் நடந்ததுதான் பலருக்குத் தெரியாது.

1815 கண்டி உடன்படிக்கையிலேயே உடல் சித்திரவதையும் அங்கங்களை வெட்டுவதும் தடை செய்யப்பட்டிருந்தன. ஆனால் அதை மீறினால் யாரிடம் போவது என்பதற்கு அதில் வழியில்லை. சுதந்திரத்தோடு வந்த சோல்பரி அரசியலமைப்பில் அடிப்படை உரிமை அத்தியாயமே கிடையாது. 29ஆம் பிரிவின் இரண்டாம் உபபிரிவு மட்டும், ஓர் இனத்தவர்மேலோ மதத்தவர்மேலோ மற்றவர்களுக்கு இல்லாத தடைகளைச் சுமத்தும் சட்டத்தைப் பாராளுமன்றம் ஆக்கக்கூடாது என்றது. அடுத்த ஆண்டுகளிலேயே அதன் வலு தெரிந்துவிட்டது. 1948 குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. வழக்கு, அன்றைக்கு எங்கள் கடைசி மேன்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவிக் கவுன்சில் வரைக்கும் போய் 1953இல் தோற்றது.

பிறகு கோடீஸ்வரன் வழக்கு. சிங்களப் பரீட்சைக்குத் தோற்ற மறுத்ததற்காகச் சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்ட ஓர் அரச எழுதுவினைஞர், 1956 அரசகரும மொழிச் சட்டமே செல்லாது என்று வழக்காடினார். கொழும்பு மாவட்ட நீதிமன்றம் 1964இல் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 1967இல் உயர் நீதிமன்றம், அரச ஊழியர் சம்பளத்துக்கு முடியின்மேல், அதாவது அரசின்மேல், வழக்குப் போட முடியாது என்று தள்ளியது. 1969இல் பிரிவிக் கவுன்சில், போடலாம் என்று திருப்பி அனுப்பியது. மொழிச் சட்டம் செல்லுமா என்ற கேள்விக்கு எவரும் இறுதிப் பதில் சொல்லவில்லை. 1971இல் பிரிவிக் கவுன்சிலுக்கான மேன்முறையீடு ஒழிந்தது, 1972இல் 29ஆம் பிரிவும் போய்விட்டது. கேட்ட கேள்வி காற்றில் நின்றது.

1972 அரசியலமைப்பு முதன்முதலில் அடிப்படை உரிமைகளைப் பட்டியலாக எழுதியது. மீறினால் எங்கே போவது, எப்படிப் போவது என்று தனி நடைமுறை வைக்கவில்லை. வீடு கட்டிக் கதவு வைக்க மறந்த மாதிரி. 1978 அரசியலமைப்புதான் 17ஆம், 126ஆம் உறுப்புரைகளால் கதவு வைத்தது. நேரே உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆனால் கதவு கொழும்பில், புதுக்கடையில் இருக்கிறது, திறந்திருப்பது ஒரு மாதம். படுவான்கரை வெல்லாவெளியில் இருப்பவனுக்கு அது எவ்வளவு தூரம் என்று எழுதியவர்கள் யோசித்திருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

சரி, இருக்கிற கதவால் எப்படி நுழைவது?

பொலிசார் ஒருவரைப் பிடித்தால் காரணத்தைச் சொல்லவேண்டும். அது 13ஆம் உறுப்புரையின் முதற்பந்தி. அருகிலுள்ள நீதவானிடம் கொண்டுபோகவேண்டும். சாதாரணக் குற்றம் என்றால் பயண நேரம் நீங்கலாக 24 மணித்தியாலத்துக்குள், இது 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் உள்ளது. பயங்கரவாதத் தடைச் சட்டம் போன்ற விசேட சட்டங்களில் தவணை வேறு. அதுவும் 1979இல் தற்காலிகம் என்று வந்ததுதான், இன்னும் போகவில்லை.

அடிப்பதற்கு மட்டும் எந்தச் சட்டத்திலும் இடமில்லை. தேசிய பாதுகாப்பு, அவசரகாலம் என்று சொல்லிப் பேச்சுச் சுதந்திரத்தையும் நடமாட்டத்தையும் சட்டத்தால் மட்டுப்படுத்தலாம். 15ஆம் உறுப்புரை அதற்கு இடம் தருகிறது. 11ஆம் உறுப்புரையான சித்திரவதைத் தடையை அப்படித் தொடமுடியாது. பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு இருந்தாலும் சர்வசன வாக்கெடுப்பு இல்லாமல் அதை மாற்ற முடியாது. அத்தோடு 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டப்படி சித்திரவதை ஒரு குற்றம், குறைந்தது ஏழு ஆண்டு சிறை. "கள்ளன்தானே, ரெண்டு அடி போட்டா என்ன" என்று கடைத்தெருவில் கதைப்பவர்களுக்குச் சொல்கிறேன், அந்தக் கள்ளனுக்கும் சேர்த்துத்தான் 11ஆம் உறுப்புரை.

அடிபட்டு வந்தவர் முதலில் செய்யவேண்டியது அரச ஆஸ்பத்திரிக்குப் போவது. போய், "விழுந்திட்டன்" என்று சொல்லக்கூடாது. பயத்தில் பலர் அப்படித்தான் சொல்கிறார்கள், டிக்கட்டில் அப்படியே பதிவாகிறது. ஆறு மாதம் கழித்து அரச சட்டத்தரணி அந்த ஒரு வரியைத்தான் வாசிப்பார். யார் அடித்தது, எங்கே, எதனால் என்று சொல்லுங்கள். சட்ட வைத்திய அதிகாரியிடம் காட்டச் சொல்லிக் கேளுங்கள். காயத்தைப் படமெடுத்தால் அசல் போனிலேயே இருக்கட்டும், வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு அழிக்காதீர்கள்.

அடுத்தது மனித உரிமைகள் ஆணைக்குழு. மட்டக்களப்பிலும் கல்முனையிலும் பிராந்திய அலுவலகம் உண்டு, 1996 என்ற அவசரத் தொலைபேசி இலக்கமும் உண்டு. ஆணைக்குழுவின் 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு எங்களைப்போலத் தூரத்தில் இருப்பவர்களுக்குப் பெரிய உதவி. மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் அங்கே முறையிட்டால், விசாரணை நிலுவையிலிருக்கும் காலம் உயர் நீதிமன்றத் தவணைக்குள் எண்ணப்படாது. ஆனால் முறைப்பாட்டு இலக்கத்தை வாங்கி மடித்து வைத்துக்கொண்டால் போதாது. விசாரணை உண்மையிலேயே நடக்கிறதா என்று நீதிமன்றம் கேட்கிறது, காட்ட முடியாதவர்கள் தோற்றிருக்கிறார்கள். ஆகவே அங்கே போன கையோடு சட்டத்தரணி ஒருவரையும் பாருங்கள். வசதியில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

ஆளை எங்கே வைத்திருக்கிறார்கள் என்றே தெரியாவிட்டால் கொழும்புக்கு ஓடத் தேவையில்லை. அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்துக்குப் பிறகு, ஆளை மன்றில் கொண்டுவந்து காட்டச் சொல்லிக் கேட்கும் ஆட்கொணர்வு மனுவை மாகாண மேல் நீதிமன்றத்திலேயே போடலாம். 1990இல் இந்த மாவட்டத்தில் பிள்ளைகளைத் தேடி முகாம் முகாமாக அலைந்த தாய்மாருக்கு இதைச் சொல்ல ஆளில்லை. சொல்லியிருந்தாலும் மனுவில் ஒப்பமிடும் துணிவு எத்தனை பேருக்கு வந்திருக்கும் என்று தெரியாது. காவலில் ஆள் இறந்துபோனால் வழக்கும் செத்துப்போகும் என்றுதான் முன்பு நினைத்தார்கள். சிறியானி சில்வா வழக்கில் உயர் நீதிமன்றம், மனைவி வழக்குத் தொடரலாம் என்றது. உயிர்வாழும் உரிமை என்று தனி உறுப்புரை எங்கள் அரசியலமைப்பில் இல்லை, இருக்கிறவற்றுக்குள்ளிருந்தே அதை எடுத்துக் காட்டினார்கள்.

இதெல்லாம் போட்டு என்ன கண்டோம் என்று கேட்பவர்களுக்கு இரண்டு திகதி. 2007 ஜூன் 7 விடிய, கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்களை பஸ்களில் ஏற்றி வவுனியாப் பக்கம் அனுப்பினார்கள். மனுப் போட்டதும் அடுத்த நாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. மற்றது எங்கள் ஊரின் காயம். 2019 உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயத்திலும் மற்ற இடங்களிலும் குண்டு வெடிக்கமுன்னர் எச்சரிக்கை வந்திருந்தும் தடுக்கவில்லை என்ற மனுக்களில், 2023 ஜனவரி 12 அன்று தீர்ப்பு வந்தது. முன்னாள் ஜனாதிபதி 10 கோடி ரூபாய் சொந்தப் பணத்தில் கட்டவேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. செய்ததற்கு மட்டுமில்லை, செய்யாமல் விட்டதற்கும் பதில் சொல்லவேண்டும். சீயோனில் பிள்ளையைக் கொடுத்தவர்களுக்கு 10 கோடியும் ஒன்றுதான், பத்து ரூபாயும் ஒன்றுதான். ஆனாலும் தீர்ப்பு எழுத்தில் இருக்கிறது.

குறைகளும் கிடக்கின்றன. ஒரு சட்டம் நிறைவேறிக் கையொப்பமானபின் அது அரசியலமைப்புக்கு முரண் என்று எந்த நீதிமன்றத்திலும் கேட்க முடியாது. 1978க்கு முந்திய சட்டங்கள் உரிமைகளோடு முட்டினாலும் செல்லும் என்கிறது 16ஆம் உறுப்புரை. அதனால்தான் 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் பற்றிக் காத்தான்குடிப் பெண்ணோ அக்கரைப்பற்றுப் பெண்ணோ சமத்துவம் கேட்டு இந்தக் கதவைத் தட்ட முடிவதில்லை. சமத்துவத்தை 12இல் கொடுத்துவிட்டு 16இல் திருப்பி வாங்கியது எனக்குச் சரியாகப் படவில்லை. சொன்னால் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

அந்த அம்மாவுக்கு 1994 சட்டத்தின் கீழ் ஒரு குற்ற முறைப்பாடு எழுதிக் கொடுத்தோம், அதற்கு ஒரு மாதத் தவணை இல்லை. மகன் கொஞ்ச நாளில் வேண்டாம் என்றுவிட்டான். பாஸ்போர்ட் எடுத்துக் கட்டாருக்குப் போய்விட்டான். கலண்டர் என் மேசையில்தான் கிடக்கிறது, அம்மா திருப்பிக் கேட்கவில்லை.

கடைசியாக ஒன்று, வாக்குமூலம். வடக்கு கிழக்கில் நிர்வாக மொழி தமிழ் என்று 22ஆம் உறுப்புரை சொல்கிறது. ஆனால் பொலிசில் இன்றும் சிங்களத்தில் எழுதி "இதில சைன் வை" என்கிறார்கள், வைக்கிறார்கள். வாழைச்சேனைப் பக்கத்துக் கடற்றொழிலாளி ஒருவர் என்னிடம் வரமுன்னரே தன் மூளையால் ஒரு வேலை செய்திருந்தார். ஒப்பத்துக்குக் கீழே, பெயர் விலாசம் எழுதுகிற மாதிரித் தமிழில் ஒரு வரி. எழுதிய அதிகாரிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, புத்தகத்தை மூடிவிட்டார். நீதவான் பொலிசின் தகவற் புத்தகத்தை வரவழைத்து அந்தப் பக்கத்தைப் புரட்டினார், கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திறந்த மன்றில் வாசித்தார்: "இதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. எனக்கு வாசித்துக் காட்டவில்லை."